கையறு படலம்

திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் முன், ஊர்திகள் ஓயாது ஓடும் நெடுந்தெருவில், வெயிலையும் மழையையும் ஒன்றுபோல் ஏற்று நிற்கிறது ஒரு சிலை. ஊரார் அவ்விடத்தை ஸ்டாச்சு என்பர். பேருந்து நடத்துநர் கூவுவதும் அச்சொல்லே, கடைப்பலகையில் முகவரியாய் இருப்பதும் அச்சொல்லே. யார் சிலை என்று வினவுவார் அருகினர். வினவினால் விடை சொல்வார் அவரினும் அருகினர். கும்பகோணத்தில் 1828இல் பிறந்து, திருவிதாங்கூரின் திவானாய் உயர்ந்து, பின்னர் இந்தூருக்கும் பரோடாவுக்கும் அமைச்சு நடத்தி, 1891இல் மறைந்த சர் மாதவராவ் அவர். உருவம் நின்றது, பெயர் உதிர்ந்தது. நான் சொல்லவந்த துயரின் தொடக்கம் இச்சிலையின் நிழலில் இருக்கிறது.

1880களில் இவர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றவர் ஓவியர் கிளிமானூர் ரவிவர்மா. உம் ஓவியங்களை வேண்டுவோர் பலர். உமக்கு வாய்த்தவையோ இரண்டே கைகள். அத்தனை பேர் வேட்கையையும் அவ்விரு கைகளால் தணித்தல் அரிது. ஆதலின் தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு விடுத்து வண்ண அச்சாக்குக. உம் புகழும் பரவும், நாட்டுக்கும் நலம் சேரும். இதுவே அக்கடிதத்தின் கருத்து. அன்பினால் எழுதியது, அறிவினால் எழுதியது, வரப்போகும் காலத்தை முன்னரே கண்ட ஒருவரின் கை எழுதியது. அதில் பொய்யில்லை, பிழையும் இல்லை. ஆயினும் இரண்டு கைகள் போதா என்னும் அச்சொல்லை இன்று நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நடுங்குகிறது. போதாத கைகளுக்கு ஈடாகக் கருவி வந்தது. கருவி வந்தபின் கை போயிற்று. கை போனபின், போன கை யாருடையது என்று சொல்லும் எழுத்தும் போயிற்று.

கையறுநிலை என்று நம் முன்னோர் ஒரு துறை வகுத்தனர். கை என்பது செயல். புரந்தோன் மாய்ந்தபின் செயலற்று நிற்போர் புலம்பும் புலம்பல் அது என உரை காண்பர். இங்கே அச்சொல்லை அதன் வெளிப்படைப் பொருளிலேயே கொள்ளத் துணிகிறேன். வரைந்த கை அற்றது. கல்லில் பெயர்த்த கை அற்றது. இன்ன படம் இன்னாருடையது, இன்ன ஆண்டினது, இன்ன கல்லில் இருந்து எழுந்தது என்று மடலில் எழுதி மற்றொருவர்க்கு விடுத்த கையும் அற்றது. முன்னிரு கைகளுக்காக அழுதோர் உளர். மூன்றாவது கைக்காக அழுதோரை நான் கண்டிலேன்.

அந்நாளில் கலை கையிலிருந்து கைக்குச் சென்றது. வேணாட்டு மலைச்சாரலில், அனந்தபுரி எனப்பெறும் திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கிளிமானூர் மாளிகையில் 1848 ஏப்ரல் 29ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். அவர்க்கு முதலில் தூரிகை பிடிக்கக் கற்பித்தவர் மாமன் ராஜராஜவர்மா. அம்மாமனுக்கு வழிகாட்டியவர் தமிழகத்திலிருந்து அரண்மனைக்கு வந்த அழகிரி நாயுடு. பதினான்கு வயதுச் சிறுவனாய் ரவிவர்மா 1862இல் ஆயில்யம் திருநாள் மன்னரின் அவைக்கு வந்தபோது, அங்கே நீர்வண்ணத்தில் வல்லவராய் இருந்தவர் இராமசாமி நாயக்கர், மதுரையார். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் மேனாட்டு ஓவியர் வந்தார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைக் கற்றுத்தர மனமின்றி, வரையும்போது அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். பகலில் கண்ணால் கண்டதை இரவில் கையால் தெளிவித்தவர் நாயக்கரின் துணைவரான ஆறுமுகம் பிள்ளை என்பது வழிவழி வந்த செய்தி. விளக்கின் முன் இரு தலைகள் குனிந்திருக்க, எண்ணெயும் நிறமும் குழைந்திருக்க, ஒரு தமிழ்க் கை ஒரு மலையாளக் கைக்கு மறைபொருளை மாற்றித் தந்த அவ்விரவுகளுக்கு ஓவியம் இல்லை; சான்றுத்தாளும் இல்லை. ஆறுமுகம் பிள்ளையின் ஓவியம் இது என்று சுட்டிக்காட்ட இன்று எவரால் இயலும்? கற்ற கையின் பெயர் கண்டம் கடந்து சென்றது. கற்பித்த கையின் பெயர் ஒரு கதைக்குள் ஒடுங்கிற்று.

1894இல் பம்பாயின் கிர்காமில் ரவிவர்மா அச்சகம் எழுந்தது. அதற்கு வித்திட்ட கடிதத்தை எழுதியவர் அதைக் காண உயிரோடு இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பே கண்மூடியிருந்தார். பொறிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன, பொறிவல்லாரும் ஆங்கிருந்தே வந்தனர். முதலிற் பிறந்த படம் சகுந்தலையின் பிறப்பு. பெற்றோரால் கைவிடப்பட்ட மகவின் படத்தோடு அவ்வச்சகம் தொடங்கியதை, பின்னே நிகழ்ந்ததெல்லாம் அறிந்து நிற்கும் நான் எவ்வாறு வாளா கடந்து செல்வேன்?

கல்லச்சின் இயல்பை அறியாதார்க்கு இத்துயரின் ஆழம் புலப்படாது. ஆதலின் சிறிது சொல்வேன். அச்சுக்குரிய கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் மலையில் விளைவது. வழவழப்பானது, மாசற்றது, எண்ணெயையும் நீரையும் ஒருங்கே உண்ண வல்லது. அலாய்ஸ் செனஃபெல்டர் என்பார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் குணம் கண்டு அச்சுக்கலையைப் புதிதாக்கினார். எண்ணெய்ப் பசையால் கல்லின்மேல் வரைந்தால் வரைந்த இடம் மையைப் பற்றும். நீர் நனைத்த மற்றை இடம் மையை விலக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மூல ஓவியத்தின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கண்ணால் பிரித்து, தனித்தனிக் கல்லில் இடவலம் மாற்றி, புள்ளி புள்ளியாய்க் கையால் எழுதவேண்டும். சரசுவதியின் வெண்பட்டில் படிந்த நிழலும், இலக்குமியின் கால்கீழ் மலர்ந்த தாமரையின் செம்மையும், நளனுக்குத் தூது பேசும் அன்னத்தின் கழுத்துவளைவும் பல்லாயிரம் புள்ளிகளாய் முதலில் ஒருவர் கையிலிருந்து கல்லில் இறங்கியவை. அதன்பின் கல்மேல் கல்லாய், நிறத்தின்மேல் நிறமாய், ஒரு மயிரிழையும் விலகாமல் ஒரே தாளில் பதிய வேண்டும். முடிவில் எண்ணெய்ச்சீலையின் நெசவு தோன்றத் தாளை அழுத்தி, மேலே மெருகு பூசுவர்.

அப்புள்ளிகளை இட்டோர் பெயர் படத்தில் இல்லை. கீழ் ஓரத்தில் ரவிவர்மாவின் பெயர் உண்டு, அச்சகத்தின் பெயர் உண்டு, ஊரின் பெயர் உண்டு. கல்லில் குனிந்து கண்ணொளி இழந்தவர்க்கு ஓர் எழுத்தும் இல்லை.

கல் என்றால் தமிழர்க்கு நினைவு. போரில் பட்டவனுக்குக் கல் நட்டனர், பீடும் பெயரும் எழுதினர், பீலி சூட்டினர், வழிச்செல்வோர் நின்று தொழுதனர். அதே சோல்ன்ஹோஃபன் கல்லோ, பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த ஒரு சிறகை அழியாது காத்து, 1861இல் மாந்தர் கண்ணுக்குக் காட்டிற்று; பறவையின் முன்னோனான அவ்வுயிர்க்கு அச்சுக்கல்லின் பெயரையே அறிஞர் அடைமொழியாய் இட்டனர். இத்தகைய கல்லுக்கு அச்சகத்தில் நேர்ந்தது வேறு. வேண்டிய படிகள் எடுத்து முடிந்தபின் மணலிட்டுத் தேய்த்து, வரைந்ததை அழித்து, வேறொன்று வரைய அதைப் பதப்படுத்துவர். தொழிலின் முறை அது, குற்றமன்று. ஆயினும் கோடி ஆண்டு சிறகைக் காத்த கல், ஒரு பொழுதில் தெய்வத்தின் முகத்தை மறந்தது. கல்லும் மறக்கும் இடத்தில், நினைவுக்கு மிஞ்சியது தாள் ஒன்றே. தாளில் எழுதும் கை ஒன்றே.

அந்தக் கை இளையவருடையது.

மாமனின் பெயரையே தாங்கிய தம்பி சி. ராஜராஜவர்மா, அண்ணனுக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர், 1860இல் பிறந்தவர். தாமும் ஓவியர், இயற்கைக் காட்சி வரைவதில் தனித்திறம் உடையவர், அண்ணனின் பெரிய ஓவியங்களில் பின்னணியைத் தீட்டிய கை அவருடையது. அதனினும் மேலாக, அண்ணனின் மடல்களுக்கு மறுமொழி எழுதியவர் அவர், கணக்கு வைத்தவர் அவர், மன்னரோடும் வணிகரோடும் ஆட்சியரோடும் எழுத்தால் உறவாடியவர் அவர். மூத்தவர் முகங்களை வரைந்தார். இளையவர் அம்முகங்களின் ஊரையும் பேரையும் எழுதினார். 1895 முதல் 1904 வரை அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு தப்பிப் பிழைத்தது. எந்த ஊரில் தங்கினர், எந்த ஓவியத்தைத் தொடங்கினர், எதை முடித்தனர், யார் வந்து கண்டனர், எந்த ஓவியம் யார்க்குச் சென்றது, அச்சகத்தின் கடன் எவ்வளவு நெஞ்சை அழுத்திற்று என்றெல்லாம் நாள்தோறும் அமைதியாய் எழுதிய எழுத்து அது. தம்மை உயர்த்திக்கொள்ள ஒரு சொல்லும் தேடாத கை. அண்ணனின் ஒளிக்குப் பின்னே தானே விரும்பி நிழலாய் நின்ற கை. ஆஸ்திரிய அறிஞர் எர்வின் நாய்மாயரும் கிறிஸ்டீன் ஷெல்பெர்கரும் பதிப்பிக்க, ஒரு நூற்றாண்டு கழித்து 2005இல் அது நூலாயிற்று. அவ்விருவரே அதற்கு முன்பு ரவிவர்மா அச்சுப்படங்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியோர். படம் தேடியோர்க்கு நாட்குறிப்பின் தேவை தெரிந்தது. நம்மில் பலர்க்குப் படமே போதுமானதாயிற்று.

நாட்குறிப்பு தப்பியது, மடல்களோ அந்நாட்குறிப்பின் கொடுப்பினையைப் பெறவில்லை. எஞ்சியவை சில, எஞ்சாதவை எத்துணை என்று எண்ண மனம் அஞ்சுகிறது. பத்தாண்டு நாட்குறிப்பை எழுதிய கை பத்தாண்டு மடல்களையும் எழுதியிருக்குமன்றோ? அந்நாளில் திருவிதாங்கூர்க்குத் தனி அஞ்சல் இருந்தது. மணி கட்டிய கோலூன்றி அஞ்சலோட்டக்காரன் ஓடுவான். மணியோசை கேட்டு வழி விலகி நிற்பர் மக்கள். 1888 முதல் சங்கு பொறித்த அஞ்சல்தலை அம்மடல்களின் நெற்றியில் திலகமாய் விளங்கிற்று. சங்கு பொறித்த உறையில் எத்தனை ஓவியங்களின் வரலாறு கிளிமானூரிலிருந்து புறப்பட்டது! எத்தனை மாளிகைகளின் மேசையில் வந்து அமர்ந்தது! எத்தனை பெட்டிகளில் உறங்கிற்று! மாசிக்காயும் அன்னபேதியும் கூட்டிய மை, எழுதிய நாளில் கருத்து, ஆண்டு செல்லச் செல்லப் பழுத்து, கடைசியில் தான் பதிந்த தாளையே அரித்துத் துளையிடும் தன்மையது. எழுத்தே எழுத்தைத் தின்னும். அது விட்டதை இராமபாணப் பூச்சி தின்னும். அதுவும் விட்டதை இடவப்பாதியும் துலாமழையும் ஈரத்தால் கரைக்கும். மழையும் விட்டதை வீடு காலி செய்வோர் கை எடைக்குப் போடும். இவற்றுள் கடைசியதே கொடிது. பூச்சிக்குப் படிக்கத் தெரியாது.

1951 ஏப்ரல் 1ஆம் நாள் அவ்வஞ்சலும் இந்திய அஞ்சலில் கலந்து மறைந்தது. மணியோசை அடங்கிற்று. இன்று அச்சங்குத்தலைகளைச் சேர்ப்போர் உளர். அவை ஒட்டியிருந்த உறைகளைத் தேடுவோரும் உளர். உறைக்குள் இருந்த மடலைக் கேட்பார் யார்?

1905 பிறந்தவுடன் தம்பி இறந்தார். மைசூர் அரசுக்கு வரைய ஏற்ற ஓவியங்களைத் துணையின்றி வரைந்து முடிக்க நேர்ந்தது மூத்தவர்க்கு. நீரிழிவு உடலைத் தின்றது. பிரிவு உள்ளத்தைத் தின்றது. 1906 அக்டோபர் 2ஆம் நாள் அவரும் மாய்ந்தார். இருபத்தொரு மாத இடைவெளியில் இரண்டு கைகள் ஓய்ந்தன. உலகம் அறிந்தது வரைந்த கையின் ஓய்வை. ஆனால் முதலில் ஓய்ந்தது எழுதிய கை. அது ஓய்ந்த நாளிலேயே, அவ்வோவியங்களுக்கும் அச்சுகளுக்கும் இருந்த உயிருள்ள அடங்கல் மூடிக்கொண்டது. இது எது என்று வினவினால் மறுமடலில் விடை எழுத வல்ல ஒரே ஒருவர் இல்லாது போனார்.

அச்சகம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்கு அஞ்சித் தொழிலாளர் சிதற, அச்சகம் நகரை நீங்கி, லோணாவளாவின் அருகே மளவ்லிக்குச் சென்றது. கடன் பெருகிற்று. நூற்றாண்டு திரும்பிய சில ஆண்டுகளில், 89 படங்களின் அச்சுரிமையோடு 25,000 ரூபாய்க்கு, அங்குப் பொறிவல்லாராய் இருந்த ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் அது விலையாயிற்று. மளவ்லிக்கு அண்மையில்தான் கார்லாக் குகைகள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் மலையைக் குடைந்து தூண் நிறுத்தியோர், இத்தூண் இன்னார் கொடை என்று தூண்கள் பலவற்றில் எழுதிவைத்தனர். யவனர் கொடையும் ஆங்கே எழுத்தில் உண்டு. அத்தூண்களின் கண்பார்வையில் இயங்கிய அச்சகத்தில் யார் எந்தக் கல்லை வரைந்தார் என்பது எழுதப்படவில்லை. 1972இல் அதைத் தீ உண்டது. படங்கள் எரிந்தன. கொடை எழுதிய தூண்கள் அம்மலையில் இன்றும் நிற்கின்றன.

இனி எஞ்சிய படங்களின் நிலை சொல்வேன். அது பெற்றோரை இழந்த பிள்ளைகளின் நிலை. குமரி முதல் செட்டிநாடு வரை, அனந்தபுரி முதல் தஞ்சை வரை, பூசையறையிலும் கல்யாணக் கூடத்திலும் மாடிப்படியின் திருப்பத்திலும் அவை தொங்கின. சிலவற்றுக்குப் பட்டுத்துணி வெட்டிச் சேலை உடுத்தினர்; ஜிகினாவும் சம்கியும் தைத்து நகை பூட்டினர்; கண்ணாடியிட்டுத் தேக்குச் சட்டத்தில் அமர்த்தினர். அமர்த்தும்போது சட்டத்தின் அளவுக்குத் தாளின் ஓரத்தை நறுக்கினர். நறுக்கிய ஓரத்தில்தான் எல்லாம் இருந்தது. அச்சகத்தின் பெயர், படத்தின் எண், உரிமைக்குறிப்பு, பம்பாய் என்றோ கார்லா லோணாவளா என்றோ ஊர். ஊர் தெரிந்தால் காலம் தெரியும். பம்பாய் என்றால் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பெயர்வதற்கு முந்தியது, லோணாவளா என்றால் பிந்தியது. ஒரு விரல் அகலத் தாள் வெட்டுப்பட்டது. ஒரு படத்தின் பிறப்பு வரலாறு வெட்டுப்பட்டது. வெட்டியவன் பகைவனல்லன். தெய்வம் சட்டத்தில் செவ்வையாய்ப் பொருந்தவேண்டும் என்ற பத்தியால் வெட்டினான்.

ஓரம் இழந்த படம் ஊரார் வாயில் ரவிவர்மா படம் ஆயிற்று. புணேயின் சித்திரசாலை அச்சகத்தில் பிறந்ததும் ரவிவர்மா படம். கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவில் பிறந்ததும் ரவிவர்மா படம். ஷ்லைஷர் காலத்தில் ஓவியர் துரந்தர் வரைந்ததும் ரவிவர்மா படம். நகலின் நகலும் ரவிவர்மா படம். பெயர் பெருகப் பெருக ஆள் மறைந்தார். இதுவும் ஒருவகைச் சாவு.

அறிய விரும்பினால் வழி உண்டு. அவ்வழியும் கையின் வழியே. உருப்பெருக்குக் கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்துக் குனிந்தால், பிற்கால அச்சுப்படத்தில் புள்ளிகள் படையணிபோல் வரிசை பிறழாது நிற்கும். பழைய கல்லச்சில் அவை சிதறியும் நெருங்கியும், சிறுத்தும் பருத்தும், நெல் தூவினாற்போல் கிடக்கும். அச்சிதறலே கை. பெயர் எழுதப்படாத அக்கல்வினைஞனின் மூச்சும் களைப்பும் அங்கேதான் உறைந்துள்ளன. ஒரு புள்ளி பெரிதானது அவன் இமை தாழ்ந்த நொடி. ஒரு வரிசை நெருங்கியது அவன் விரல் விரைந்த நொடி. அவன் பெயரை எக்கண்ணாடியாலும் பெருக்கிக் காட்ட இயலாது. அது மடலில் மட்டுமே இருந்திருக்கும். அம்மடலே இல்லை.

நம் இலக்கியத்துக்கும் இதுவே நேர்ந்தது. ஆயினும் ஆங்கு ஒரு கை தாங்கிற்று. புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் எனத் தொகுத்தோர் எழுதிய குறிப்பு உண்டு. பாட்டு ஓவியம் என்றால் அக்குறிப்பே அதன் ஓரம். ஏடு ஒடிந்து ஓரம் சிதைந்த பாட்டுகள் உள. பாடினோர் பெயர் தெரியாதன உள. 267, 268 ஆகிய இரு பாட்டுகள் முற்றும் இல்லாதன. தொகைநூல்களில் பெயர் இழந்த புலவர் பலர்க்கு, அவர் பாட்டில் வந்த ஓர் அழகிய தொடரையே பெயராகச் சூட்டி வைத்தனர் முன்னோர். பெயரின்றி விடுதல் ஆகாது என்னும் அறம் அவர்க்கு இருந்தது. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் அச்சேற்றிய ஆண்டு 1894. கிர்காமில் கல்லச்சு சுழலத் தொடங்கிய ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் ஓரிடத்தில் பெயர்கள் மீண்டன. மற்றோரிடத்தில் பெயர்கள் உதிரத் தொடங்கின.

ஐயர் ஏடுகளை மட்டும் காக்கவில்லை. ஏடு தேடித் தமக்கு வந்த மடல்களையும் கட்டிக் காத்தார். எந்த ஊரில் எவரிடம் எந்தச் சுவடி, அதில் எத்தனை ஏடு, எது முன்னே முரிந்தது, எது பின்னே குறைந்தது என்று ஊரூராய்த் தமிழர் எழுதிய கைகள் அம்மடல்களில் இன்றும் உயிரோடு உள. அவை நூலாகவும் வந்துள்ளன. சுவடிக்கு வாய்த்தது படத்துக்கு வாய்க்கவில்லை. சுவடியைக் கல்வி என்றோம்; சுவரில் தொங்கிய தாளை மலிவென்றோம். கற்றோர் அதை இகழ்ந்தனர். ஆனந்த குமாரசுவாமி முதலியோர் ரவிவர்மாவின் கலையையே கடிந்துரைத்த காலமும் வந்தது. கடிந்தோரின் சுவையைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் கோடி கைகள் கூப்பித் தொழுத ஒன்றை, எங்கிருந்து வந்தாய் என்று ஒருமுறை கேட்கவும் தகுதியற்றதாய் நினைத்தோமே. அது வழுவென்றே சொல்வேன்.

இவ்வனந்தபுரியில் காத்தோரும் இலர் அல்லர். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருள் சுருளாய்க் கட்டப்பட்டு நூற்றாண்டுகள் தாண்டி வந்தன. மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்து வேணாட்டு வேந்தரின் வரிசையை நிறுவி, 1897இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். ஜேம்ஸ் கசின்ஸ் துணைநிற்க 1935இல் சித்திரைத் திருநாள் மன்னர் திறந்த ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் உள. அதே வளாகத்தில் 2023இல் அவர்க்கெனத் தனிக்கூடமும் எழுந்தது. 1979 முதல் அவர் ஓவியங்கள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லலாகாத செல்வமாய் அறிவிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கெல்லாம் தலைவணங்குகிறேன். மூல ஓவியத்துக்குக் கூடம் உண்டு, காவல் உண்டு, சட்டம் உண்டு. அதன் அச்சுப் பிள்ளைகளுக்கோ வீடுகளே கூடம், வீட்டாரின் நினைவே காவல். அந்நினைவு எழுதப்பட்ட மடல்கள் பரண்மேல்.

படம் வரைந்தும், சட்டம் போட்டும், பழையதைச் சேர்த்தும் வாழ்ந்தோர் ஒருவர்க்கொருவர் மடல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. என்னிடம் உள்ள மோகினியின் ஊஞ்சற்கயிறு இடப்புறம் சாய்ந்துள்ளது, உம்மிடம் உள்ளது எப்புறம்? என் தமயந்தியின் கீழே எண் இல்லை, உம்முடையதில் உண்டா? மெருகு மஞ்சளித்துளதா, வெளிறியுளதா? தாள் தடித்ததா, மெலிந்ததா? இவ்வாறு கேட்டும் விடுத்தும், ஓரத்தில் சிறுகோடு வரைந்து காட்டியும், விரலளவால் அளந்து எழுதியும், காண இயலாத படத்தைக் கைவழியே கண்டனர். ஓவியன் எழுதும் மடலுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. சொல் முட்டும் இடத்தில் கோடு தொடரும், கோடு முட்டும் இடத்தில் சொல் தொடரும். அடையாளம் காணும் கலை அவ்விரண்டுக்கும் இடையில் வாழ்ந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் மாணவரும் வரைந்து சிவகாசியில் அச்சேறிய தெய்வப்படங்களின் காலம்வரை அக்கலைக்கு ஆட்கள் இருந்தனர். 1976இல் கொண்டையராஜு மறைந்தார். அவரை அறிந்த கைகளும் ஒவ்வொன்றாய் அடங்கி வருகின்றன.

இன்று படம் உண்டு. கைப்பேசியில் ஒரு நொடியில் வரும், பெருக்கலாம், சுருக்கலாம், ஆயிரம் பேர்க்கு அனுப்பலாம். மாதவராவ் வேண்டியது நிறைவேறிற்று. இரண்டு கைகள் போதாமை தீர்ந்தது. முகம் எடுத்துப் பரப்பப்படுகிறது. முதுகைத் திருப்பிப் பார்ப்பார் இல்லை. முதுகில் பாட்டனார் பென்சிலால் எழுதிய ஆண்டு இருக்கும், வாங்கிய கடையின் சீட்டு இருக்கும், யார் கல்யாணத்துக்கு வந்த பரிசு என்ற வரி இருக்கும். அது அடுத்த தலைமுறைக்கு எழுதிய கடிதம். இன்னும் பிரிக்கப்படாமல் சுவரைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

படிப்போரே, உங்கள் வீட்டில் அத்தகைய படம் ஒன்று இருந்தால், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மெருகு கண்ணாடியில் ஒட்டியிருக்கக்கூடும், இழுத்துப் பிரிக்க வேண்டாம். புதுச்சட்டம் போடுவோர் ஓரம் நறுக்கக் கேட்டால் இசைய வேண்டாம். மெல்லத் திருப்பி, முதுகில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி, நாளும் உங்கள் பெயரும் இட்டு, படத்தோடு வையுங்கள். பரணில் தகரப்பெட்டிக்குள் பழைய கடிதக்கட்டு இருந்தால், பழைய தாள் கடைக்காரர் தராசு எடுக்குமுன் அதை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.